பச்சைப் பொத்தானில் யார் கை?

போன வருடம் செப்டம்பரில் எங்கள் காலனித் தண்ணீர் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. இரவு பதினொரு மணிக்கு மேல், தெருவே அடங்கிய நேரம். மோட்டார் ரூமிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் குழாயில் தண்ணீர் ஏறும் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் மேல்நிலைத் தொட்டி நிரம்பி, வழிந்து, எங்கள் தெருவில் ஓடும். மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத்தில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எவன் போட்டான்?"

அந்தக் கேள்விக்கு அவர்கள் கையில் பதிலும் தயாராக இருந்தது. காலனிக்காரன் போட்டான்.

ஒரு மோட்டார் கதையை இங்கே ஏன் எழுதுகிறோம் என்று நினைக்கலாம். அந்த மூன்று வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது மோட்டாரைப் பற்றி மட்டும் இல்லை. போராட்டத்துக்கு வரும் தம்பிகளும் தங்கைகளும் இதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. வட மாவட்டம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் மாமா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

மாமா எங்கள் ஊராட்சியின் தொட்டி ஆபரேட்டர். காலையில் மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, பிளீச்சிங் பவுடர் கலப்பது, மாதம் இரண்டு முறை தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. இருபது வருடமாகச் செய்கிறார். வயது ஐம்பத்தெட்டு. ஊராட்சிச் செயலாளருக்கு முப்பத்திரண்டு இருக்கும். மாமா அவரை "சார்" என்பார். அவர் மாமாவை "ஏய், இங்க வா" என்பார்.

மோட்டார் ராத்திரியில் ஓட ஆரம்பித்ததும் முதலில் எழுந்து ஓடியவர் மாமாதான். அவர் வீடு மோட்டார் ரூமுக்கு எதிரில். பூட்டைத் திறந்து உள்ளே போய் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். மோட்டார் நிற்கும். கையை எடுத்தால் மறுபடியும் ஓடும். அழுத்துவார், நிற்கும், எடுப்பார், ஓடும். இப்படியே போராடிக்கொண்டு நிற்பார். ஒரு கட்டத்தில் சனியன் விட்டது என்பதுபோல் நின்றுவிடும். வீட்டுக்கு வந்து படுப்பார்.

மெயினையே இறக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். அந்த மெயினில்தான் எங்கள் தெரு விளக்குகளும் ஓடுகின்றன. இறக்கினால் தெரு இருட்டு. "லைட்டு எரியலைன்னா உன்னத்தான் கேப்பேன்" என்று செயலாளர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

இப்படி ஒரு இரவு மாமா உள்ளே நிற்கும்போது, ஊர்த்தெருக்காரர் ஒருவர் பைக்கில் வந்தவர் நிறுத்தி, செல்போனில் வீடியோ எடுத்தார். நள்ளிரவு, திறந்த கதவு, ஸ்டார்ட்டர் முன்னால் மாமா, ஓடும் மோட்டார். விடிவதற்குள் அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. "பகல்ல ஊருக்குத் தண்ணி இல்லைன்னு கைய விரிக்கிறான், ராத்திரில அவுங்க தெருவுக்குத் திருட்டுத்தனமா விடறான்." நிறுத்தப் போனவர்தான் போட்டவர் என்று ஆனார். இரண்டு நாளில் மாமாவுக்கு மெமோ வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையை விட்டு நீக்கப்படுவார் என்று எழுதியிருந்தது.

மெமோவை எடுத்துக்கொண்டு மாமா எங்கள் மாலைப் பயிற்சி மையத்துக்கு வந்தார். நாங்கள் நான்கு பேர். ஒருவன் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பு. ஒருத்தி சட்டக் கல்லூரி. இரண்டு பேர் வரலாறு. சாயந்திரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். மாமா திண்ணையில் உட்கார்ந்து, "நான் போடல பாப்பா. என் பேரப்புள்ள மேல சத்தியமா நான் போடல" என்றார். நாங்கள் நம்பினோம். ஆனால் நாங்கள் நம்புவதால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

தண்ணீர்த் தொட்டி என்றாலே இப்போது எங்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதி திராவிடர் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போனபிறகுதான் அது வெளியே தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருப்பதாக சிபிசிஐடி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. தொட்டியில் என்ன நடந்தாலும் விரல் எந்தத் தெருவை நோக்கி நீளும் என்பது எங்களுக்கு அப்போதே பதிந்துவிட்டது.

அந்தக் கோபத்தில் நாங்கள் செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றிரவே உட்கார்ந்து ஒரு புகார் எழுதினோம். ஊர்த்தெரு இளைஞர்கள் கள்ளச்சாவி போட்டு மோட்டாரை ஓட்டிவிட்டு எங்கள் மீது பழி போடுகிறார்கள் என்று எழுதினோம். வீடியோ எடுத்தவர் பெயரையும் சேர்த்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளைக்கூடத் தேடி எடுத்து வைத்துவிட்டோம். காலையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி.

எங்கள் மையத்துக்கு ஒரு தாத்தா வருவார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புகாரை அவரிடம் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டார்.

"கள்ளச்சாவி பாத்தீங்களா?"

"இல்ல தாத்தா."

"யாராவது உள்ள போனதப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அவுங்க எழுதின மெமோவுக்கும் நீங்க எழுதின புகாருக்கும் இன்னா வித்தியாசம்?"

எங்களுக்கு முகம் சுருங்கிப் போனது. தாத்தா மேலே திட்டவில்லை. "யாரு போட்டான்னு அப்புறம் கேக்கலாம். எப்பப் போடுதுன்னு எழுதுங்க. மோட்டாருக்கு சாதி தெரியாது. அதுக்குக் கரண்ட் வந்தா ஓடும், வரலைன்னா ஓடாது. கரண்ட் எந்த வழியா வருதுன்னு பாருங்க" என்றார்.

பிறகு ஒரு நோட்டில் ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். உங்களுக்கும் சொல்கிறோம், எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் இருக்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயிலுக்குக் கரண்ட் போகிறது. காயில் காந்தமாகி ஒரு பெரிய தொடுமுனையை 'டக்' என்று இழுக்கிறது. மோட்டார் ஓடுகிறது. பச்சையில் இருந்து கையை எடுத்த பிறகும், கூடவே இருக்கும் ஒரு சின்னத் தொடுமுனை காயிலுக்குக் கரண்ட் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிவப்பை அழுத்தினால் அந்த வழி அறுந்து, காயில் விட்டுவிடுகிறது. கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது, மறுபடி பச்சையை அழுத்த வேண்டும். ஆள் கை வைத்திருக்கும்போது திடீரென்று ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

"இப்ப சொல்லுங்க. சிவப்ப அழுத்தினா நிக்குது, விட்டா ஓடுது. அப்டீன்னா இன்னா அர்த்தம்?"

ஐடிஐ தோழன்தான் பிடித்தான். "பச்சைப் பொத்தானை யாரோ அழுத்திக்கிட்டே நிக்கற மாதிரி, தாத்தா."

"அதான். அந்தக் கை எதுன்னு கண்டுபுடிங்க."

அந்தக் கை எதுவாகவெல்லாம் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாக எழுதினோம். பச்சைப் பொத்தான் துருப்பிடித்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். பல்லியோ எறும்போ தொடுமுனைக்கு நடுவில் புகுந்திருக்கலாம். மழை ஈரம் இறங்கி இரண்டு ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கரண்ட் திரும்பி வந்ததும் தானாக ஓட்டும் ஆட்டோ சுவிட்ச் இருக்கலாம், விவசாயக் கிணறுகளில் நிறையப் பேர் வைத்திருப்பார்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஓட்டும் மிதவை இருக்கலாம். செல்போனில் கூப்பிட்டால் ஓடும் ஸ்டார்ட்டராக இருக்கலாம். நேரம் வைத்து ஓட்டும் டைமர் இருக்கலாம். கடைசியாக, நிஜமாகவே ஓர் ஆள் கள்ளச்சாவியோடு வந்திருக்கலாம். எங்கள் புகார் இந்தப் பட்டியலில் எட்டாவது வரியாகச் சுருங்கிப் போனது.

அடுத்து மாமாவிடம் கேட்டோம். இது எப்போது ஆரம்பித்தது? அதற்கு முன்னால் என்ன மாறியது?

மாமா யோசித்துச் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் ஸ்டார்ட்டர் எரிந்துபோனது. டவுனில் இருந்து ஒருவர் வந்து புதிதாக மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எல்லாம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். ராத்திரி ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரு நாள் சாயந்திரம் ஐந்து மணிக்குத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். திடீரென்று மேல் குழாயில் இருந்து தண்ணீர் தலையில் கொட்டியிருக்கிறது. பாசி வழுக்கி விழுந்து தோள்பட்டையில் அடி. எப்படியோ ஏணியைப் பிடித்து ஏறி வெளியே வந்திருக்கிறார்.

"ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"நான்தான் மோட்டார நிறுத்தாம ஏறிட்டேன் போலன்னு நெனச்சேன். வயசாவுதுல்ல."

எங்களால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. கோளாறு அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறது. அவரோ தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டு, வலிக்கிற தோளோடு வேலைக்குப் போய்க்கொண்டு இருந்திருக்கிறார். ஊர் அவர் மீது பழி போடுவதற்கு முன்பே அவர் தன் மீது போட்டுக்கொண்டுவிட்டார். நம் பெரியவர்களிடம் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று ஐடிஐ தோழனுக்குக் கை பரபரத்தது. சட்டக் கல்லூரித் தோழி தடுத்தாள். ஊராட்சிச் சொத்தில் நாம் கை வைத்தால், "காலனிப் பசங்க ஒயரை மாத்தி வச்சாங்க" என்று அடுத்த வீடியோ வரும். திறக்கும்போது அவர்களும் பார்க்க வேண்டும். அதுவரை தொடாமலே கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஊர்த்தெரு வார்டு உறுப்பினர் ஒருவர் நியாயமாகப் பேசக்கூடியவர். அவரிடம் போய், தினமும் மாலை மோட்டார் ரூம் பூட்டு மேல் காகிதம் ஒட்டுகிறோம், நீங்கள் அதில் கையெழுத்து போடுங்கள் என்று கேட்டோம். தயங்கினார். பிறகு வந்து போட்டார். நாங்கள் மாமாவோடு மையத்துத் திண்ணையில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பூட்டு நன்றாகத் தெரியும். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் காகிதம் கிழியாத பூட்டையும், உள்ளே கேட்கும் சத்தத்தையும், நேரத்தையும் வீடியோ எடுப்போம். அதன் பிறகுதான் மாமா பூட்டைத் திறப்பார். ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று விஷயம் எழுதினோம்: மோட்டார் ஓட ஆரம்பித்த நேரம், சிவப்புப் பொத்தானுக்கு அடங்கிய நேரம், அன்றைக்குக் கரண்ட் எப்போது போய் எப்போது வந்தது.

திங்கள்: மோட்டார் இரவு 11:20. அடங்கியது 11:50.

செவ்வாய்: மதியம் 35 நிமிடம் கரண்ட் இல்லை. மோட்டார் இரவு 11:55. அடங்கியது 12:25.

புதன்: கரண்ட் போகவே இல்லை. மோட்டார் இரவு 11:55. அடங்கியது 12:25.

வியாழன்: மாலை மழையில் 1 மணி 10 நிமிடம் கரண்ட் இல்லை. மோட்டார் நள்ளிரவு தாண்டி 1:05. அடங்கியது 1:35.

முதல் நாளிலேயே கள்ளச்சாவி அடிபட்டுப் போனது. காகிதம் கிழியவில்லை, கதவு திறக்கவில்லை, மோட்டார் ஓடியது. தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கும்போதும் ஓடியதால் மிதவை அடிபட்டது. புதன்கிழமை கரண்ட் போகாமலேயே ஓடியதால், கரண்ட் திரும்பும்போது ஓட்டும் ஆட்டோ சுவிட்சும் அடிபட்டது. பல்லியும் எறும்பும் ஈரமும் தினமும் சரியாக அரை மணி நேரம் மட்டும் வேலை பார்த்துவிட்டுப் போகாது. செல்போனில் யாராவது கூப்பிடுகிறார்கள் என்றாலும், மழை பெய்தால் கணக்காக அத்தனை நிமிடம் தள்ளியா கூப்பிடுவார்கள்?

வியாழன் இரவு நோட்டை நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வரலாறு படிக்கிற தோழிதான் விரல் வைத்துக் காட்டினாள். கரண்ட் 35 நிமிடம் போனால் மோட்டார் 35 நிமிடம் தள்ளிப் போகிறது. போகாவிட்டால் தள்ளவில்லை. 1 மணி 10 நிமிடம் போனால் 1 மணி 10 நிமிடம் தள்ளுகிறது. உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடுகிறது. திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் இருந்து ஓடுகிறது.

தாத்தாவைத் தூக்கத்தில் எழுப்பிச் சொன்னோம். சிரித்தார். "பழைய டைமரு. பேட்டரி இருக்காது. கரண்ட் போனா அதுவும் செத்துடும்" என்றார்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு மாமா தொட்டிக்குள் விழுந்ததும் இப்போது கணக்கில் வந்து உட்கார்ந்தது. அதற்கு அடுத்த வாரம் காற்று மழையில் மரம் விழுந்து ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை. ஐந்தோடு ஆறைக் கூட்டினால் பதினொன்று. சாயந்திரத்தில் ஓடியபோது மாமா போட்டிருப்பார் என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள், தான் நிறுத்த மறந்தோம் என்று மாமா நினைத்துக்கொண்டார். ராத்திரிக்கு நகர்ந்த பிறகுதான் அது எல்லார் கண்ணிலும் 'திருட்டு' ஆனது.

வெள்ளிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் மின்தடை. காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் 2:12க்கு வந்தது. 5 மணி 12 நிமிடம். நாங்கள் கணக்குப் போட்டோம். இன்றிரவு மோட்டார் ஓடாது. நாளை சனிக்கிழமை காலை 6:17க்கு ஓடும். இதை ஒரு தாளில் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போட்டு, அன்று மாலையே செயலாளரிடம் கொடுத்தோம். "நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து நீங்களே பாருங்கள் சார். நடக்கவில்லை என்றால் மெமோவைப் பற்றி நாங்கள் வாயே திறக்க மாட்டோம்."

அன்றிரவும் திண்ணையில் உட்கார்ந்தோம். 1:05 ஆனது. சத்தம் இல்லை. மாமா, "இன்னாடா, பேயி பயந்துடுச்சா?" என்றார். சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் எங்களுக்குப் பயம்தான். கணக்கு தப்பானால் போகப்போவது எங்கள் மானம் இல்லை, மாமாவின் வேலை.

காலை ஆறு மணிக்குச் செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வார்டு உறுப்பினர் வந்தார். வீடியோ எடுத்தவரையும் அவரே அழைத்து வந்திருந்தார். எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள், எப்படியும் தண்ணீர் வழியப் போகிறதே. பூட்டில் காகிதம் அப்படியே இருந்தது. மாமா எல்லாரும் பார்க்கும்படி மோட்டார் ரூமில் இருந்து இருபது அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

6:17. 'டக்'.

யாரும் பேசவில்லை. குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. மாமா அப்படியே குந்தி உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அரை மணி கழித்து மோட்டாரை நிறுத்திவிட்டு, செயலாளர் முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். தாத்தா முதலில் மெயினை இறக்கினார். அப்போது மணி 6:52. மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டெஸ்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஐடிஐ தோழனைக் கை வைக்க விட்டார். ஸ்டார்ட்டருக்குக் கீழே, தூசி அப்பிய ஒரு வட்டக் கடிகாரம். இருபத்துநான்கு மணி நேர முகப்பு, சுற்றிலும் சின்னச் சின்ன முள். காலை 5 மணிக்கு நேராக இரண்டு முள் மட்டும் அழுத்தி வைக்கப்பட்டிருந்தது, முள்ளுக்குக் கால் மணி நேரம். கடிகாரம் காட்டிய நேரம் 5:35.

ஒரு காலத்தில் காலை ஐந்து மணிக்குத் தானாகத் தண்ணீர் ஏற்ற யாரோ வைத்தது. பிறகு அதன் ஒயரைக் கழற்றி ஓரமாகச் சுற்றி விட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஸ்டார்ட்டரை மாற்ற வந்தவர், கிடந்த ஒயரையும் சேர்த்துப் பச்சைப் பொத்தானுக்குக் குறுக்கே இணைத்துவிட்டார். முள் அழுத்தும் அரை மணி நேரம் பச்சைப் பொத்தானை ஒரு கை பிடித்தபடி இருந்தது. அதனால்தான் அந்த அரை மணி நேரம் சிவப்புக்கு மோட்டார் அடங்கவில்லை. அரை மணிக்குப் பிறகு யாரும் போய் நிறுத்தாவிட்டால் விடியும் வரை ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அந்த எலக்ட்ரீஷியனையும் நாங்கள் குற்றவாளி ஆக்க விரும்பவில்லை. எந்த ஒயர் எதற்கு என்று அந்தப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. டைமர் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி, 'டைமர், இணைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினார் தாத்தா. வேலை பத்து நிமிடம்.

செயலாளர், "சரி சரி, மிஷின் கோளாறு. விடுங்க" என்று வண்டியை எடுத்தார். வீடியோ எடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் போனார். குழுவில் வீடியோ அப்படியே கிடந்தது. இங்கேதான் தோழர்களே, நாம் வழக்கமாகச் சோர்ந்துபோய் வீட்டுக்குத் திரும்புவோம். உண்மை தெரிந்துவிட்டதே, போதும் என்று. பழி போட்டபோது அது காகிதத்தில் வந்தது. நீங்கும்போது மட்டும் ஏன் வாய்வார்த்தையாகப் போக வேண்டும்? மெமோவுக்கு மாமா எழுத்தில் விளக்கம் கொடுத்தார். நோட்டின் நகலும் டைமரின் படமும் இணைத்தோம். மெமோவை ரத்து செய்து எழுத்தில் தரும்படி கேட்டோம். பதில் வரவில்லை. அக்டோபர் கிராம சபையில் சட்டக் கல்லூரித் தோழி எழுந்து கேட்டாள். வார்டு உறுப்பினர் ஆதரித்தார். மோட்டார் ஓடியதற்குக் காரணம் டைமர் இணைப்புக் கோளாறு, ஆபரேட்டர் மீது தவறில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. அதன் நகல் மாமா வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மன்னிப்பு? அதை யாரும் கேட்கவில்லை. செயலாளர் இப்போதும் மாமாவை "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார். டைமரைக் கழற்றியது போல அதைக் கழற்ற முடியவில்லை. அது வேறு வேலை, நீண்ட வேலை.

உங்களில் பலர் நாளைக்குச் சென்னைப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்பு வேலைக்குப் போவீர்கள். அங்கே நீச்சல் குளத்து மோட்டார், கழிவுநீர் மோட்டார் எல்லாம் இதே ஸ்டார்ட்டர், இதே டைமர், இதே மிதவையில்தான் ஓடும். அங்கேயும் ஒரு நாள் மோட்டார் தானாக ஓடும். அங்கேயும் முதலில் கேட்பது "எவன் போட்டான்?" என்பதாகத்தான் இருக்கும். அதனால் நாங்கள் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, உயிர் முதலில். தொட்டிக்குள் இறங்கும் முன், மோட்டாரில் கை வைக்கும் முன், மெயினை இறக்கு. பீஸ் கட்டையைப் பிடுங்கி உன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டோம் என்று நம்பாதே. 'ஆள் உள்ளே இருக்கிறார், சுவிட்ச் போடாதீர்கள்' என்று ஓர் அட்டை மாட்டு. வெளியே ஓர் ஆள் இல்லாமல் இறங்காதே. கழிவுநீர்த் தொட்டி என்றால் பேச்சே இல்லை, பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் அதில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013 ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. இறங்க மறுப்பது உன் உரிமை.

இரண்டு, தானாக ஓடுகிறதா, நிற்காமல் ஓடுகிறதா என்று பிரித்துப் பார். சிவப்பை அழுத்திப் பிடித்தாலும் நிற்கவில்லை என்றால் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிடித்தால் நின்று, விட்டால் ஓடினால், பச்சையை எதுவோ அழுத்திக்கொண்டிருக்கிறது.

மூன்று, கோளாறுக்கு முன்னால் கடைசியாக என்ன மாற்றினார்கள் என்று கேள். மாற்றிய இடத்தில் இருந்து தேட ஆரம்பி.

நான்கு, நேரத்தை எழுது. ஓடிய நேரம், நின்ற நேரம், கரண்ட் போன நேரம், மழை பெய்த நேரம். நான்கு நாள் எழுதினால் நோட்டே பேச ஆரம்பிக்கும்.

ஐந்து, சாட்சி இல்லாமல் பெட்டியைத் திறக்காதே. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் இல்லாமல் ஒயரைத் தொடாதே.

ஆறு, விலகிய பழியை எழுத்தில் வாங்கு.

நாங்கள் எழுதிக் கொடுக்காமல் விட்ட அந்தப் புகார் இன்னும் எங்களிடம் இருக்கிறது. கிழித்துப் போடவில்லை. மையத்தில் அந்த நாற்பது பக்க நோட்டும் அதுவும் ஒரே கோப்பில் இருக்கின்றன. புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு இரண்டையும் எடுத்துக் காட்டுகிறோம். புகாரைப் படித்ததும் அவர்கள் முகத்தில் கோபம் வரும். நோட்டைப் படித்ததும் பேனாவை எடுத்துக் கூட்டல் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.